ரயில்வே கேட்டில் நின்ற வண்டி

பக்கத்து லைனில் ஒரு வெள்ளைக் கார் காணாமல் போன அன்றைக்குத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அந்த வீட்டுக்காரர் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்திருக்கிறார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்திருக்கிறது. கண்ணாடி உடைந்த தூள்கூட இல்லை. நான் போய் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு வந்து, என் காரின் நான்கு கதவுகளையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அன்று பெங்களூர் ரயிலைத் தவறவிட்டேன்.

கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில்தான் இன்றும் இருக்கிறோம். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இதில் காருக்கு ஏது ஷெட்? வாசலில்தான் நிறுத்த வேண்டும். எங்கள் குடும்பத்தில் நாலு சக்கரம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிரும் இருந்தது, அந்தப் பயமும் இருந்தது.

முதலில் ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புக் கம்பி வாங்கினேன். பிறகு கியருக்கு ஒரு பூட்டு. அதுவும் போதாமல், தினமும் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஒயரை மறுபடி மாட்டி, கையெல்லாம் கிரீஸோடு நிற்பேன். "பூசைக்குப் போறீங்களா, ஷிஃப்டுக்குப் போறீங்களா?" என்பாள் மனைவி. காற்றடித்தால், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூள் வண்டி மேல் மாவு போலப் படியும். அதைத் துடைக்க மாட்டேன். யாராவது கை வைத்திருந்தால் தடம் தெரியும் அல்லவா? மாலையில் வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து அந்தத் தூளைக் குனிந்து பார்ப்பேன். வீட்டுக்குள் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தம்பி, இத்தினி பூட்டு போட்டா வண்டிக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்பார் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் நான் வேறு யாரையும் அப்படி அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவர்கள் வீட்டில் புத்தர் படம், எங்கள் வீட்டில் மாதா படம். குழம்பு மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வரும். அவருடைய கணவரை அண்ணன் என்போம். சுரங்கம் மூடியபோது வேலை போன இளவட்டங்களில் அவர் ஒருவர். அப்புறம் பல வருடம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஆட்டோ ஓட்டினார். முட்டி தேய்ந்ததும் ஆட்டோவை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார்.

நானும் மனைவியும் காலையிலேயே கிளம்பிவிடுவோம். நான் பெங்களூருக்கு ரயிலில், அவள் ராபர்ட்சன்பேட்டையில் பள்ளிக்கூடத்துக்கு, டீச்சர். மகள் மூன்றரைக்கு வந்தால் சோறு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் அக்கா வீட்டில்தான். அதனால் எங்கள் வீட்டுச் சாவி அக்காவிடம் இருக்கும். கார் சாவி வீட்டுக்குள் காலண்டர் ஆணியில் தொங்கும்.

ஒரு நாள் அண்ணனுடைய தம்பி, பங்காருபேட்டை ஸ்டேஷனில் இறங்கும் விருந்தாளிகளைக் கூட்டி வர, அந்தச் சாவியை எடுத்து என் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பேட்டரி ஒயரை அண்ணன்தான் மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்டீயரிங் பூட்டு, கியர் பூட்டு இரண்டின் சாவியும் அதே வளையத்தில்தான் கிடந்தன. என்ன பாதுகாப்பு பாருங்கள். நான் மாலையில் வந்தபோது பின்கதவில் ஒரு முழத்துக்குக் கீறல், சீட்டில் பிரியாணி எண்ணெய். எங்கள் லைனில் இது ஒரு குற்றமே இல்லை. என் அப்பா காலத்தில் ஒருவர் வீட்டில் சைக்கிள் இருந்தால் அது லைனுக்கே சைக்கிள். யாரும் கேட்டு எடுத்ததில்லை, யாரும் சண்டைக்கு நின்றதும் இல்லை.

நான் நின்றேன். தெருவில், எல்லோரும் பார்க்க. "இது இன்னா தர்ம சத்திரமா? கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுதான்" என்றேன். அண்ணனுடைய தம்பி முறைத்துக்கொண்டு போனார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும்தான் பேசினார். "உங்க வண்டி தம்பி. இனிமே உங்களக் கேக்காம யாரும் தொட மாட்டோம்." மறுநாளும் மகளுக்குச் சோறு போட்டார், எனக்கும் கருவாட்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினார். எனக்குத்தான் ஆறவில்லை. சின்னப் புத்தி எனக்கு, ஒரு கீறலை மாதக்கணக்காக மனசில் வைத்திருப்பேன்.

அப்புறம்தான் பெங்களூரில் அந்தக் கருவியைப் பொருத்தினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒளித்து வைத்தார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் ஒரு புள்ளி காட்டும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும், இன்னொன்றை அழுத்தினால்தான் மறுபடி உயிர் வரும். ஓடும்போது நிற்காது, வேகம் குறைந்ததும் நிற்கும் என்று விளக்கினார் பொருத்தியவர். "யாரிகூ ஹேளபேடி சார்" என்றும் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாமாம். மனைவிக்கு மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு இரும்புக் கம்பியையும் கியர் பூட்டையும் பரணில் போட்டேன், பேட்டரி ஒயரைக் கழற்றுவதையும் விட்டேன். எடுக்கிறவன் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும், ஆபீசில் இருந்தேன். பெயரில்லாத ஒரு எண்ணிலிருந்து போன் வந்தது. துண்டித்தேன். உடனே மறுபடியும் வந்தது. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று பிராணனை வாங்குகிறவர்கள் என்று நினைத்து மறுபடியும் துண்டித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வண்டியின் எஞ்சின் ஓடுகிறது என்று திரையில் எழுத்து வந்தது.

மனைவிக்கு அடித்தேன். வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. புள்ளி லைனை விட்டு வெளியே வந்து ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் திரும்பியது. நான் பொத்தானை அழுத்தினேன். ரயில்வே கேட் வந்ததும் புள்ளி நின்றது. எஞ்சின் நிறுத்தப்பட்டது என்று செய்தி வந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் போனைக் காட்டினேன். "மாட்டிகினான் பாருங்க" என்றேன். அவர் முதுகில் தட்டினார். இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்தோம்.

டீ குடித்து முடித்தபோது மனைவி கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஓடி வந்து சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்காவுக்கு நெஞ்சு வலி. அண்ணன் நம்ம வண்டில இட்டுகினு போனாராம், கேட்டாண்ட வண்டி நின்னுபோச்சாம். ஸ்டார்ட்டே ஆவலையாம். உங்களுக்கு ரெண்டு தபா போன் பண்ணாராமே, ஏன் எடுக்கல?"

இன்னொரு பொத்தானைத் தேடி அழுத்தினேன்.

"நீங்க ஏதாவது பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

கேட்டில் நடந்ததை மூன்றாவது வீட்டு அம்மா பிறகு சொன்னார். பின்சீட்டில் அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தவர் அவர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் கார் நிற்கிறது. ஆனாலும் கேட்காமல் தொடக்கூடாது என்று அக்காவே வலியோடு சொன்னாராம், "தம்பிக்கு ஒரு போன் போடு" என்று. அண்ணன் புது சிம் போட்டிருந்தார், அந்த எண்ணைத்தான் நான் இரண்டு முறை துண்டித்தேன். அப்புறம்தான் சாவியை எடுத்திருக்கிறார். கேட் மூடியிருந்ததால் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார், எஞ்சின் அடங்கிவிட்டது. ரயில் போய்க் கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறங்கி, பானெட்டைத் தூக்கி, தெரிந்ததை எல்லாம் தொட்டுப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். தக்காளி ஏற்றி வந்த ஒரு சரக்கு ஆட்டோக்காரர் பெட்டிகளை எல்லாம் ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, அக்காவைச் சரக்குத் தட்டில் படுக்க வைத்து ஓட்டினார். அதற்குள் அக்காவின் கை சில்லிட்டுப் போயிருந்தது என்றார் அந்த அம்மா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் முயற்சி செய்திருக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னாராம். எவ்வளவு முன்னால் என்று அண்ணன் கேட்கவில்லை. நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் நின்ற நேரமும் மறுபடி உயிர் கொடுத்த நேரமும் போனில் அப்படியே இருக்கின்றன. நடுவில் இருபத்தாறு நிமிடம்.

மாலையில் நான் லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவைப் பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். என் மகள் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கார் எங்கள் வாசலில் நின்றது. அண்ணனுடைய தம்பி போய்ச் சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் ஆனதாம். லைனில் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். "அவ நேரம், வேற இன்னா சொல்றது" என்றார் ஒருவர். நானும் தலையை ஆட்டினேன்.

அன்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். திருடன் என்று நினைத்து அழுத்திவிட்டேன் என்றேன். அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு, "இப்ப சொல்லி இன்னா ஆவப்போது. அந்த மனுசன் தாங்க மாட்டாரு" என்றாள்.

ஆனால் நான் அவளிடம் சொன்னதும் பாதிதான். திருடன் என்று நிஜமாகவே நம்பியிருந்தால் போலீசுக்கு அல்லவா போன் போட்டிருப்பேன்? நான் டீ குடிக்கப் போனேன். புள்ளி ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திருடியவன் எவனாவது பட்டப்பகலில் கடைத்தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போவானா? அக்கா வீட்டு ஆட்கள்தான் எடுத்திருக்கிறார்கள், மறுபடியும் கேட்காமல், என்று நினைத்துத்தான் அழுத்தினேன். நடு ரோட்டில் நின்று அசிங்கப்படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கசங்கிய வேட்டி, நாலு நாள் தாடி. என்னை நேராகப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, ஒன்னு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களக் கேக்கத்தான் போன் பண்ணேன். நீங்க எடுக்கல, வேலையா இருந்திருப்பீங்க. அவ கஷ்டப்படறதப் பாத்துட்டு எனக்கு ஒன்னும் ஓடல. எடுத்துட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"அப்பால, வண்டிய ஒரு நல்ல மெக்கானிக்காண்ட காட்டிடுங்க. எத்தினி வருசம் ஆட்டோ ஓட்டியிருக்கேன், எனக்கே இன்னான்னு தெரியல. கொழந்தைய ஏத்திகினு போற வண்டி தம்பி. நடு ரோட்ல திடீர்னு நின்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

சரி என்றேன். அவர் அப்படியே நின்றார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது மெல்லத்தான் உறைத்தது. கேட்காமல் எடுத்ததற்கு நான் கோபமாக இருக்கிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பரவாயில்லண்ணா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.