ஐம்பதையும் பிரி

பர்மியத் தொழிற்பேட்டையான லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் தரம் பார்ப்பவள் நான். பதினெட்டு வருடமாக என் கையெழுத்து இல்லாமல் என் தையல் வரிசையிலிருந்து ஒரு சட்டை வெளியே போனதில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது.

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது அவன் பொழுதுபோக்கு. சுட்டு மிஞ்சிய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் வீட்டுக் கார் கொட்டகையிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டு வைத்து மூடிக்கொள்வான். இங்கே அப்படி ஒரு பேச்சை எடுத்தாலே உள்ளே போக வேண்டியதுதான். அங்கே சட்டப்படி செய்யலாமாம். சனிக்கிழமை மாலை அந்த வேலையில் உட்கார்ந்தால் போனை எடுக்க மாட்டான். எனக்கு அது ஞாயிறு காலை. கரண்ட் வந்து, "மீ லாபி!", அதாவது 'கரண்ட் வந்தாச்சு' என்று நான் குடியிருக்கும் தாமுவே தெருவே கத்தி, இணையமும் கிடைக்கும் நேரம் அதுதான். அவன் எடுக்காவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று விடாமல் ஏழு தடவை வீடியோவில் அடித்தேன். ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து எடுத்துவிட்டான். "அக்காவை விட அந்த வெடிமருந்து பெருசாப் போச்சா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. போனைச் சாய்த்து வைத்துவிட்டு, "உம், உம்" என்றபடி அவன் வேலையைத் தொடர்ந்தான். கடைசித் தோட்டாவை மூடிய பிறகு அவன் முகம் மாறியது.

"அக்கா, ஐம்பதுல ஒண்ணைக்கூட உள்ள பாக்காமலே மூடிட்டேன்."

ஒரே கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்தால், சுடும்போது துப்பாக்கியே கையில் வெடித்துவிடுமாம். அதனால் மூடுவதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் எட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். என் வசவில் அது மறந்து போயிருக்கிறது.

"எடை போட்டுப் பாத்து வச்சுக்கிறேன்" என்றான்.

"காலிக் கூடெல்லாம் ஒரே எடையா?"

"இல்ல. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். மருந்தோட எடையும் அவ்வளவுதான்."

"அப்புறம் எடை போட்டு என்னத்தக் கண்டே?"

எங்கள் ஆலையில் ஊசி ஒடிந்தால் துண்டுகளைத் தேடியெடுத்து ஒரு தாளில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சட்டைக் கட்டு முழுவதும் அங்கேயே நிற்கும். முனை யாருடைய குழந்தையின் சட்டையில் இருக்கிறதோ, யார் கண்டது?

"ஐம்பதையும் பிரிடா" என்றேன்.

சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் ஒவ்வொன்றாக வைத்துத் தட்டிப் பிரித்தான். கண்ணாடி போடாமல் தொடாதே என்று அதட்டினேன், போட்டுத்தான் இருந்தான். முப்பத்தொன்றாவதிலிருந்து இரண்டு மடங்கு மருந்து கொட்டியது. நான் அவன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திட்டிக்கொண்டிருந்தபோது விழுந்த மருந்து அது. மீதியையும் அவன் பிரித்து முடிக்கும்வரை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போகிறான். ஞாயிறு காலை ஒரே ஒரு தடவை அடிப்பேன். எடுக்காவிட்டால் நிம்மதியாக, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடப் போய்விடுவேன்.

போன வாரம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"எதுக்குடா எடுத்தே?" என்று கத்தினேன்.

"இன்னிக்கு அந்த வேலை இல்லக்கா. உன்கூடப் பேசலாம்னு உக்காந்திருக்கேன்."

மொஹிங்காவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் உட்கார்ந்தேன்.