தேவாலயக் கோபுரத்தில் அடித்த ஆணி

ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கடலடி அளவை படித்த நான் அங்கே, ஸ்பானிய ஆவணக்காப்பகத்தில் இருந்து வரும் பழைய வரைபடங்களின் ஸ்கேன்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்துகிறேன். இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களைத் தேடி, ஆணி அடிப்பதுபோல ஒன்றோடொன்று இறுக்க வேண்டும்: ஒரு முனை, ஒரு கோட்டை, ஒரு தேவாலயக் கோபுரம். எல்லாம் இறுகினால், மூழ்கிய கப்பலுக்காக அன்று போட்ட சிலுவைக் குறி இன்றைய கடலில் எங்கே விழுகிறது என்று தெரியும். அதைச் சுற்றி ஒரு பெட்டி வரைவோம். அளவைப் படகு அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் தேடும்.

கடந்த வசந்தகாலத்தில் முதல்தடவையாக ஒரு பெட்டியை என் பொறுப்பில் விட்டார்கள். கரீபியன் கரையோரம், வெள்ளி ஏற்றிவந்த கப்பல். படகுக்கு முன்பதிவில் கிடைத்த டெர்மின் ஒரே ஒரு வாரம். ஒன்றும் அகப்படாவிட்டால் அந்தக் கப்பலைக் கைவிடுவதென்று முடிவாகியிருந்தது.

ஒரு ஆணி மட்டும் இறுகவில்லை. முனையும் கோட்டையும் ஆற்றுவாயும் பொருந்தின. பழைய வரைபடத்தில் கரையோரம் நின்ற தேவாலயம், இன்று அதே புனிதரின் பெயரோடு நன்றாக உள்ளே தள்ளி நின்றது.

"வரைந்தவன் கண்மட்டத்தில் வைத்திருப்பான். நாலையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடு," என்றார் என் பொறுப்பாளர். எங்கள் தொழிலில் அது வழக்கம். பொருந்தாதது எல்லாம் வரைந்தவன் கணக்கில் போகும். நானும் சராசரி எடுத்தேன். பெட்டி கரைப்பக்கமாக நகர்ந்தது. திங்கட்கிழமை அதைப் படகுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வார இறுதியில் கோயில் திருவிழாவுக்காக ஹம் நகரில் இருக்கும் அம்மாவிடம் போனேன். பாரிசில் இருந்து காரில் கிளம்பிய சித்தப்பாவை மட்டும் காணவில்லை. அன்னதானம் தொடங்கியபோது அம்மாவின் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, கோயிலைக் காணேல்லை. இஞ்சை கார்பெட் கடைதான் கிடக்கு."

"எங்கை நிக்கிறீர் தம்பி?"

"முந்தி கோயில் இருந்த அதே நிலவறை வாசல்லதான்."

"ஐயோ, அதை விட்டு எத்தினை வருசம்! கோயில் இப்ப ஊருக்கு வெளியில எல்லோ."

"அப்ப பேரையாவது மாத்தியிருக்கலாமே?"

"சாமி அதே சாமி, பேரை ஏன் மாத்துறது? கதையை விட்டிட்டு வாரும், சோறு முடியப்போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாழையிலையைப் பார்த்தபடி இருந்தேன். சித்தப்பா கடைசியாக வந்தபோது கோயில் அங்கேதான் இருந்தது. அவர் நினைவில் பிழை இல்லை.

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து, அதே கரையின் ஸ்கேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிந்திய வரைபடம் ஒன்றில் ஊர் முழுவதும் உள்ளே தள்ளி வரையப்பட்டிருந்தது. கரையில், பழைய தேவாலயம் நின்ற இடத்தில், சிறிய எழுத்தில் 'இடிபாடு' என்றிருந்தது.

திங்கள் காலை பொறுப்பாளரிடம் இரண்டையும் காட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார்.

"பாவம், சரியாகத்தான் வரைந்திருக்கிறான்," என்றார்.

ஆணியைப் பிடுங்கி இடிபாட்டில் அடித்தோம். பெட்டி கடல்பக்கம் போனது. பழைய பெட்டியோடு ஒரு மூலை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் படகில் இருந்து ஒரு சோனார் படம் வந்தது: நீளமான கற்குவியல், பக்கத்தில் இரண்டு நங்கூரங்கள். பழைய பெட்டிக்கு வெளியே. கப்பலைக் கைவிடவில்லை, அடுத்த பருவத்துக்கும் டெர்மின் எடுத்துவிட்டார்கள்.

அம்மா சொல்லிக் கேள்விப்பட்ட சித்தப்பா அன்றே அழைத்தார்.

"என்ன பிள்ளை, வெள்ளி அம்பிட்டுதோ?"

"இப்போதைக்குக் கல்லுத்தான் சித்தப்பா. கப்பல் சரியாமல் இருக்க அடியில போடுற கல்லு."

"கல்லுப் பொறுக்கவோ இவ்வளவு படிச்சனீ?"

"நீங்கள் அடுத்தமுறை கோயிலுக்கு வெளிக்கிடேக்கை எனக்கு ஒரு போன் அடியுங்கோ. இடத்தை நான் அனுப்புறன்."