அடக்கத்துக்கு வைத்த சேலை

என் கல்யாணச் சேலை வெள்ளைப் பட்டு. முப்பது வருடமாகப் பீரோவின் அடித்தட்டில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றிக் கிடந்தது. நான் கண்ணை மூடினால் அடக்கத்துக்கு அதைத்தான் உடுத்திவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவரைப் பார்க்கக் கசங்கின சேலையோடு போக முடியுமா?

ஆனால் பட்டைச் சும்மா வைத்திருக்க முடியாது. மடிப்பு மாற்றாவிட்டால் மடிப்பிலேயே கிழிந்துவிடும். மாற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். வருடா வருடம் குற்றாலச் சாரல் தொடங்குமுன் ஒரு முனையை நானும் மறுமுனையை என் அண்ணன் மனைவியும் பிடித்து, உதறி, புது மடிப்புப் போடுவோம். என்னை உடுத்திவிடும் பொறுப்பும் மதினிக்குத்தான். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதை நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

போன வருடம் கோயில் அசனத்தில் பேச்சு அறுந்தது. அசனம் என்பது சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, ஐக்கியத்துக்கென்றே ஏற்பட்டது. சாம்பாருக்கு நான் உப்புப் போட்டேன். பிறகு மதினியும் போட்டார். பந்தியே முகம் சுளித்தபோது, "உப்பு போட்டது அவதான்" என்று எல்லார் முன்னாலும் என்னைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அண்டாவைக் கவிழ்த்திருப்பேன். அது கனமாக இருந்ததால் பேச்சை மட்டும் நிறுத்தினேன்.

மனஸ்தாபம் வைத்துக்கொண்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நற்கருணைக்குப் போகக் கூடாது என்று, அதற்குச் சிறு வயதில் தயார்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் படித்திருக்கிறேன். அதனால் ஒன்பது மாதம், மற்றவர்கள் முன்னே போகும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மோட்சம் எப்படியும் உறுதி, அங்கே போய் மதினியிடம் பேசிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். வீட்டில் ஜெபம் தவறவில்லை. ஆனால் முன்பெல்லாம் காய் நறுக்கும்போதுகூட ஆண்டவர் கூட இருப்பது தெரியும். இப்போது முழங்காலில் நின்றாலும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இந்த வருடம் சாரல் முந்திக்கொண்டது. சேலையை வெளியே எடுத்து, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் ஈர வேட்டியை உதறுவது மாதிரி ஓர் இழுப்பு இழுத்தார். மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிந்தது. நான் அழுதேவிட்டேன். அழும்போதுதான் உறைத்தது, நித்திய ஜீவனையும் நான் இப்படிச் சாவுக்கென்றே மடித்து வைத்திருக்கிறேன் என்று.

சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் பஸ் ஏறினேன். மதினி வீடு ஐந்தருவி போகிற பாதையில் இருக்கிறது. சீசன் கூட்டம். பக்கத்து அம்மாள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் என் தோள்வரை வந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மதினியிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்த மதினி பையைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னும் மடிப்பு மாத்தலையா?"

"தனியா எப்படி மாத்த, மதினி? கிழிஞ்சிட்டு."

"ஏன் அங்கனயே நிக்குத? நனையாம உள்ள வா."

ஆளுக்கொரு முனை பிடித்தோம். கிழிசலைப் பார்த்துக்கொண்டே மதினி சொன்னார்.

"அன்னைக்கி உப்பு நானும்தாம்ட்டி போட்டேன். அப்பமே தெரியும். சொல்ல வாய் வரல."

"ஒம்பது மாசமா நான் நற்கருணை எடுக்கல, மதினி."

"நானுந்தான் எடுக்கல. பின் பெஞ்சுலதான் இருந்தேன். நீ திரும்பியே பாக்கல."

முனையோடு முனை சேர்க்க இருவரும் நெருங்கி வந்தோம். ஆண்டவர் அந்த அறையில் இருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"சாவுக்கு நாள் கெடக்கு" என்றார் மதினி. "கிழிசல தச்சுத் தாரேன். ஞாயித்துக்கெழம இத உடுத்திட்டு வா."

உடுத்திக்கொண்டு போய், அவர் பக்கத்தில் முழங்காலிட்டு நற்கருணை வாங்கினேன். யாருக்குக் கல்யாணம் என்று சபை பார்த்தது. அதன்பின் சேலை அடித்தட்டுக்குத் திரும்பவில்லை. இந்த வருட அசனத்துக்கும் அதையே உடுத்தினேன். மதினி பரிமாறிய சாம்பார் முந்தானையில் கொட்டிவிட்டது. கறை போகவே இல்லை.

அடக்கத்துக்கு வேறு சேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.