கண்ணாடிக் குடுவையில் என் கைவேலை

ஆஸ்டின் டவுனில் ஒரு ஆட்டுக்குடல் கடை. பொம்மனஹள்ளியில் இரண்டு மாடி வீடு. படித்து வேலைக்குப் போகும் மூன்று மகள்கள். அப்புறம், மருத்துவக் கல்லூரியில் ஒரு கண்ணாடிக் குடுவை. நாலாம் வகுப்போடு நின்றவன் இந்த பெங்களூரில் உண்டாக்கியவை இவை. முதல் மூன்றை யாரும் மறுப்பதில்லை. நான்காவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தக் குடுவைக்குள் ஒரு சாண் சிறுகுடல், உள்பக்கம் வெளியே தெரிய, வெல்வெட் துணிபோல் இன்றும் மிதக்கிறது.

அதைக் கேட்டு வந்தவர் அந்தக் கல்லூரியின் லெக்சரர் அம்மா. அப்போது வேலைக்குப் புதிது. தின்ற புரதம் எப்படிச் செரித்து உடம்பில் சேருகிறது என்பதை, வெளியூரிலிருந்து வரும் பெரியவர்கள் முன்னால் அவர் குடலை வைத்துக் காட்டி நடத்த வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் வேலை நிரந்தரம். "கழுவாம குடுங்கண்ணா" என்று கேட்டார். என் கடையிலிருந்து அழுக்கோடு ஒரு பொருள் வெளியே போவதா? வெந்நீர் ஊற்றி, கத்தியால் வழித்து, மஞ்சள் தேய்த்து, பளபளவென்று கொடுத்தனுப்பினேன்.

மறுநாளே பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"பசங்க என்ன கேட்டாங்க தெரியுமா? மசாலா எங்க மேடம்னு கேக்கறாங்க!"

"சுத்தமா இருக்குல்லம்மா?"

"ரொம்ப சுத்தம். எது வேணுமோ அதையே சீவி எறிஞ்சுட்டீங்க."

கழுவாத குடல் ஒன்றைப் பிரித்து, உள்ளே மெத்தென்றிருந்த பரப்பைக் காட்டினார். அத்தனையும் பொடி விரல்களாம். கறி இரைப்பையின் அமிலத்தில் அவிழ்ந்து, சிறுகுடலில் கணைய நீர் வெட்ட வெட்டத் துண்டாகி, இந்த விரல்களுக்கு வந்து சேருமாம். கடைசி வெட்டு இங்கேதான். அமினோ அமிலம் என்கிற பொடியாக ஆன பிறகே ரத்தத்துக்குள் விடுமாம். இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு நுழைந்தாலும், உள்ளே வைத்துப் பிரித்துவிடுமாம். என்னைவிடப் பொடியாக வெட்டுகிற ஆள் என் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறான். அவனைத்தான் பத்து வருடமாக வழித்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன்!

"உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி நானே திருப்பிப் பாத்தேண்ணா. கிழிஞ்சுடுது."

"கை வெச்சா கிழியாம என்னம்மா பண்ணும்? நாளைக்கு வாங்க."

மறுநாள் காலை, அறுத்த சூட்டோடு வந்த குடலை உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் அலசினேன். கத்தியைத் தொடவில்லை. சட்டைக் கையை மடிப்பதுபோல் குடலின் வாயை ஒரு மடி மடித்து, மடிப்புக்குள் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீரின் கனத்திலேயே குடல் சரசரவென்று தானாகத் திரும்பியது. அது எங்கள் தொழில் வித்தை. எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க விட்டதும் அம்மா லென்ஸை வைத்துக் குனிந்தார்.

"அண்ணா, ஒண்ணுகூட சாயல! அத்தனையும் நிக்குது!"

பாடம் நடந்தது. வேலையும் நிரந்தரமானது. அந்தக் குடலில் ஒரு சாணை அம்மா குடுவையில் போட்டு வைத்தார்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். விழாவுக்கு என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விழா முடிந்ததும் குடுவையைப் போய்ப் பார்த்தேன். அதில் ஒட்டிய சீட்டில் கல்லூரி பெயர், துறையின் பெயர், ஆட்டின் பெயர்கூட இருக்கிறது. கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் உண்டு. விரல் வைத்து அளந்துவிட்டுத்தான் வந்தேன். கல்லூரிக்காரர்களே, அந்த வரியில் குடலைத் திருப்பியவன் பெயரை எழுதுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்ல நானே வருகிறேன்.