கருப்பர் காலடியில் டிரெய்லர் முளை

எங்கள் குலசாமி கோவில் ஆவுடையார்கோவிலைத் தாண்டி ஒரு பெரிய கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தார்ச்சாலை கரைக்கு இங்கிட்டே முடிந்துவிடும். அதற்குமேல் கரையில் ஏறி, அந்தப் பக்கம் தண்ணீரை ஒட்டியே செங்குத்தாக இறங்க வேண்டும். வேன்காரர்கள் வரமாட்டேன் என்பார்கள். அதனால் எங்கள் பங்காளிகள் எல்லோரும் அங்கே ட்ராக்டரில்தான் போவோம். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, அண்டா குண்டாவெல்லாம் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு ராத்திரி மரத்தடியில் தங்கிவிட்டு வருவோம்.

போன தடவை போனது என் பேரனுக்கு மொட்டை போட. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. நீங்களே முன்னால் நின்று செய்துவிடுங்கள் என்று போனில் சொன்னவன், பிள்ளையைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவாருங்கள் என்றும் சொன்னான். பேரனுக்கு அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. மருமகள் அவனை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை டிரெய்லரைக் கழற்றுவது. காரணம் இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் டிரெய்லருக்குள்தான் படுப்பார்கள். ட்ராக்டர் மாட்டியபடியே நின்றால், பங்காளி வீட்டுப் பொடிசுகள் சீட்டில் ஏறி கியரைப் பிடித்து ஆட்டும். உள்ளே தூங்குகிறவர்கள் கதி என்ன ஆகும்? எங்களுடையது இரண்டு சக்கர டிரெய்லர்; அதனால் முன்னால் நீட்டியிருக்கிற அதன் மூக்குக்குக் கீழே கல் அடுக்கி நிறுத்திவிட்டு, ட்ராக்டரைத் தனியாக வேறு மரத்தடிக்குக் கொண்டுபோய் விடுவேன்.

கழற்றினால் கையில் இரண்டு சாமான் மிஞ்சும். ஒன்று, ட்ராக்டரின் கொக்கியையும் டிரெய்லரின் மூக்கையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு முளை. கடையில் டிரெய்லர் பின் என்று கேட்டு வாங்க வேண்டும். நான் முளை என்றே சொல்லிப் பழகியவன். இன்னொன்று, முளை எப்போதாவது கழன்றால் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிப்பதற்காகப் போடுகிற சங்கிலி. இரண்டும் நல்ல கனமான இரும்பு. பழைய இரும்புக் கடையில் போட்டால் உடனே காசு. திருவிழா இடங்களில் இவை காணாமல் போவது சாதாரணம். என் ட்ராக்டரின் சாமான் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அதனால் வெளியே தங்கும்போதெல்லாம் இரண்டையும் ஒரு சாக்கில் சுற்றித் தலைக்கு வைத்துத்தான் படுப்பேன்.

என் மனைவியின் தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. அவன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். நான்கு பேர் இருந்தால் அவன் பேச்சு ஓங்கி நிற்கும். நான் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதாலோ, இயல்பே அப்படியோ, கூட்டத்தில் எனக்கு வாய் வராது. அன்று சாயங்காலமும் நான் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எல்லோர் காதிலும் விழும்படி அவன் சொன்னான்.

"அக்கா, ஒன்னய விட அந்த முளையத்தான் மச்சான் பத்திரமா பக்கத்துல வச்சுக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளுக்கு வேறு கவலை. சாக்கில் இருந்த கிரீஸ் ஜமுக்காளத்தில் ஒட்டியிருந்தது. பிள்ளை தவழ்கிற இடத்தில் இதை வைப்பீர்களா என்று கேட்டு, இரண்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பத்திரமான இடத்தில் வைக்கிறேன், கவலைப்படாமல் இருங்கள் என்றாள். அவள் சொன்னால் சரிதான் என்று நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பேரனுக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து, சந்தனம் பூசிய தலையோடு மருமகள் தோளில் தூங்கிப்போனான். கிடா வெட்டினார்கள். நான் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தேன். படையல் போட்டாயிற்று, வந்து கும்பிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன்.

கருப்பர் சந்நிதிக்குக் கூரை கிடையாது. மண் பீடம், அதன்மேல் நட்டு வைத்த அரிவாள்கள், வேல்கள். தலைமுறை தலைமுறையாக வேண்டிக்கொண்டவர்கள் கொடுத்தவை. அன்று எல்லா அரிவாளுக்கும் எலுமிச்சம்பழம் குத்தி, மாலை போட்டு, கிடாவின் ரத்தம் தெளித்திருந்தது. கும்பிட்டுக்கொண்டே கீழே பார்த்தேன். அரிவாள்களுக்கு நடுவில், குங்குமம் வைத்து, ரத்தம் தெளித்து, என் டிரெய்லர் முளை நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பாம்பு மாதிரி என் சங்கிலி. ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து அதன் தலைப்பக்கம் வைத்திருந்தார்கள்.

கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

மனைவியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கருப்பர் காவல் இருக்கிற இடத்தில் எந்தக் களவாணி கை வைப்பான் என்று நினைத்து, முதல் நாள் சாயங்காலமே அவர் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தவள், மொட்டை போடுகிற அவசரத்தில் மறந்துவிட்டாள். விடிகாலையில் வந்த பூசாரி அதை யாரோ செலுத்திய காணிக்கை என்று எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் கருப்பர் காலடியில் வைத்தது கருப்பருக்கு. அதில் பேச்சே கிடையாது.

மச்சினன்தான் பூசாரியிடம் போய்ப் பேசினான். பூசாரி கோபப்படவில்லை. படையலுக்கு முன்னால் சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன், இப்போது ரத்தம் காட்டியாகிவிட்டதே என்றார். வேண்டுமானால் பூக்கட்டிப் போட்டு சாமியிடமே கேட்டுப் பார்ப்போம் என்றும் சொன்னார். வெள்ளைப் பூ வந்தால் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் கூடாது. என் மனைவி பதறிப்போய் வேண்டாம் என்றாள். மொட்டை போட்ட அன்றைக்கு சாமி முகம் சுளித்துவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அவள் பயம். வைத்ததைக் கொடுத்ததாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். ட்ராக்டர் இருக்கிறது, டிரெய்லர் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க எதுவும் இல்லை. விருந்து முடிந்தபோது கடை மூடும் நேரம் ஆகிவிட்டது, காலையில் அறந்தாங்கிக்குப் போய் வாங்கிவரலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும், வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு போவதா என்றார்கள். கோவிலுக்கு முன்னால் அலங்கார வளைவு கட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது. மச்சினன் அங்கே கிடந்த கனமான கட்டடக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துவந்தான். முளை போகிற ஓட்டையில் அதை விட்டு, மேலும் கீழும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினான்.

"மச்சான், இதுல இருவது மாடிக் கட்டடத்தையே தூக்கி நிப்பாட்டிருக்கோம். நம்ம சோத்துச் சட்டியத் தாங்காதா?"

கோவிலுக்கு முன்னால் இருந்த சமதரையில் வெறும் டிரெய்லரை இழுத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஓட்டினேன். தாங்கியது. இறங்கிக் குனிந்து கம்பியையும் தொட்டுப் பார்த்தேன். வளையவில்லை. சரி என்றுதான் தோன்றியது. எல்லோரையும் ஏறச் சொன்னேன்.

கரையில் ஏறும்போதுதான் அது நடந்தது. முதல் கியரில் வண்டி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. ட்ராக்டரின் முன்சக்கரம் உச்சியைத் தொட்ட நேரத்தில், சட்டென்று வண்டி இலகுவாகிப்போனது. யாரோ தோளில் இருந்த மூட்டையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. ட்ராக்டர் முன்னால் தாவியது. சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அந்த இலகுதான் முதலில் வந்தது. அது என்னவென்று புரிந்தபோது எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்தது.

பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பின்பக்கம் சரிந்ததில், அதன் வால் தரையில் இடித்து மண்ணில் குத்தி நின்றிருக்கிறது. வால் குத்தாமல் இருந்தால் சக்கரம் உருண்டு நேராகக் கண்மாய்த் தண்ணீருக்குப் போயிருக்கும். பின்கதவின் கொண்டி மட்டும் ஒடியாமல் நின்றது. கதவுக்கு உள்பக்கம் அண்டாவும் வைக்கோலும் ஆட்களும் ஒன்றாகக் குவிந்து கிடந்தார்கள்.

பிள்ளை சத்தம் இல்லை.

நான் எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. குவியலுக்கு நடுவில் இரண்டு கைகள் மட்டும் மேலே தூக்கியிருந்தன. மருமகளின் கைகள். அவள் மேல் ஒரு மூட்டையும் என் மனைவியும் கிடந்தார்கள். ஆனால் அந்தக் கைகள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்தன. பிள்ளை கண்ணை அகல விழித்து என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்து வீரிட்டு அழுவதற்குள் ஒரு யுகம் போன மாதிரி இருந்தது.

சாமி புண்ணியம் என்றார்கள் எல்லோரும். மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு. மருமகளுக்கு உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. மச்சினன் கரையில் உட்கார்ந்துவிட்டான். கம்பி உருவிக்கொண்டு மண்ணில் கிடந்தது. முழுசாகத்தான் இருந்தது. மேட்டில் இழுத்த இழுப்பில் கட்டுக்கம்பி அறுந்து, அது அப்படியே நழுவியிருக்கிறது. சங்கிலி இருந்திருந்தால் பிடித்திருக்கும்.

கரையிலிருந்து இறங்கிக் கோவிலைப் பார்த்து நடந்தேன். மனைவி பின்னாலிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டது காதில் விழுந்தது.

பூசாரி பீடத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் முளையில் கை வைத்தேன். ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. பூசாரி துடைப்பத்தோடு நிமிர்ந்தார்.

"தம்பி, அது சாமி பொருளு."

"பேரப்புள்ள உள்ள இருந்துச்சுங்க" என்றேன்.

என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கரைமேல் கோணலாக நின்ற டிரெய்லரை அங்கிருந்தே பார்த்தார். நான் முளையைப் பிடுங்கினேன். அரிவாள்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. என் வாழ்நாளில் நான் சாமி முன்னால் நிமிர்ந்து நின்றதுகூட இல்லை. அங்கிருந்து ஒரு பொருளை எடுத்தேன் என்பதை இப்போது எழுதும்போதுகூட என்னால் நம்ப முடியவில்லை. திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன்.

"சங்கிலிய விட்டுட்டுப் போறீயளே" என்றார் பூசாரி.

அவரே குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பீடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கரைக்கு வந்தேன். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் பங்காளிகள் விலகி நின்றார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கழுவவாவது செய்தீர்களா என்று மட்டும் கேட்டாள். கழுவவில்லை. ஆண்கள் சேர்ந்து டிரெய்லரின் மூக்கை அமுக்கி இறக்கினார்கள். முளையைப் போட்டேன். அது இடத்தில் உட்காரும்போது வருகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சங்கிலியையும் மாட்டினேன்.

மச்சினன் எழுந்து வந்து, இனிமேல் பயமில்லை, எல்லோரும் ஏறுங்கள் என்றான். மருமகள் பிள்ளையோடு என்னைப் பார்த்தாள்.

"யாரும் ஏற வேணாம்" என்றேன். "சாமான மட்டும் ஏத்துங்க."

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பங்காளிகள் அண்டாக்களைத் தூக்கத் தொடங்கினார்கள். வெயிலாயிற்றே, எப்படிப் போவது என்று மனைவி கேட்டாள். கரையைத் தாண்டி இறங்கினால் தார்ச்சாலை, அங்கே மினி பஸ் வரும் என்றேன். மச்சினன் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நடந்தான்.

நான் அண்டாக்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டினேன். கரையைத் தாண்டிய பிறகு சமதரைதான், நல்ல சாலைதான். இருந்தாலும் முன்னால் பார்த்ததைவிடப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். டிரெய்லர் வந்துகொண்டே இருந்தது. என் கை ஸ்டியரிங்கில் உறுதியாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தேன். மருமகள்.

"மாமா, வீட்டுக்கு வந்துட்டோம். ஒங்க பேரன் பால் குடிச்சிட்டுத் தூங்குறான். நீங்க பதனமா வாங்க."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். கியரைப் போடப் போனவன், போடாமல் எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த வழியாக வந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் போன பிறகும் எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.