ராதாபாய் போடாத கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது செல்பேசியில் தகவல் வந்தது. ராதாபாய் மேடம் காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார் அவருடைய கணவர். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். “அடுத்த வாரம் வாரேன், உங்க அறிக்கையில உள்ள தப்பையெல்லாம் காட்டுறேன்” என்று, நான் அனுப்பியிருந்த சோதனை அறிக்கையைப் படித்துவிட்டு முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். நானும் நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒரு சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் இல்லையே அவர்.

ஒத்தக்கடைக்கு அப்பால் இருக்கும் எங்கள் மூலிகைச் சாறு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பரிசோதனைக் கூடம் அவர் பொறுப்பு, உற்பத்தி என் பொறுப்பு. இருவருக்கும் ஒரே வயது. கோபம் வந்தால் மேடம் வீட்டுக்கு ஃபோன் போட்டு, கணவரிடம் சௌராஷ்டிர மொழியில் படபடவென்று பேசுவார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நடுநடுவே ‘பாண்டி’ என்று என் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கீழாநெல்லிப் பொடிதான் எங்களுக்குச் சோறு போட்டது. காய்ந்த செடியை மெத்தனாலில் ஊறவைப்போம். சாற்றை வடித்து, மெத்தனாலை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதைப் பொடியாக்குவோம். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மேடத்துக்கு அது ஆகாது.

“ஆவியாப் போயிருச்சுன்னு நீங்க சொல்றீங்கண்ணே. போகலைன்னு மெஷின் சொல்லுது. மஞ்சக்காமாலைக்காரன் சாப்பிடுற பொடியில கண்ணைக் கெடுக்கிற சரக்கு மிச்சம் இருக்கலாமா?”

தண்ணீரும் கொஞ்சம் எத்தனாலும் போதும் என்பது அவர் கட்சி. எத்தனால் என்பது சாராயச் சரக்கு, அதற்கு மதுவிலக்கு அலுவலகத்தின் உரிமம் வேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார்.

“மூலிகைன்னு சொல்லிட்டு சாராயம் வடிக்கிற ஆளுக எம்புட்டுப் பேரைப் பார்த்திருக்கேன்” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“நாங்களும் வடிக்கிறதுதான் சார், ஆனா குடிக்கிறதுக்கு இல்ல” என்றார் மேடம், முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல். அந்தப் பதிலுக்குப் பிறகு எங்கள் கோப்பு மூன்று மாதம் அசையவில்லை.

அதற்காக அவர் காத்திருக்கவில்லை. வெறும் தண்ணீரில் ஊறவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த கலனில் குறைந்த சூட்டிலேயே வற்றவைக்கலாம் என்றார். முதல் தடவையே நுரை பொங்கிப் பம்புக்குள் போய்ப் பம்பு நின்றது. இறங்கிக் கழுவியது நானும் என் ஆட்களும். ‘தவறு என்னுடையது’ என்று மேடம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. தண்ணீரில் எடுத்தால் நாள் போதாது என்று மெத்தனாலிலேயே எடுத்தேன். மேடம் சோதித்துப் பார்த்து, மிச்சம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் உலர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் லாரி நின்றது. “நீ போட்டாத்தான் என்னப்பா?” என்றார் முதலாளி. சோதனைச் சான்றிதழில் மேடம் போட வேண்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நகலைப் பார்த்தவர் சத்தம் போடவில்லை.

“நீங்க டெஸ்ட் பண்ணீங்களாண்ணே?”

“இல்ல.”

அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார். வாங்குகிறவரிடம் நேரில் விஷயத்தைச் சொன்னார். சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி கொதித்துவிட்டார். “அம்புட்டுப் பேர் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுருச்சு அந்தம்மா. தப்பா டெஸ்ட் பண்ணுனாங்கன்னு எழுதிக் கொடு பாண்டி, வெளிய அனுப்பிருவோம்.” தாளை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் எனக்கும் அடங்காத கோபம்தான். ஆனாலும் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. தாளில் வேறு எழுதக் கை வரவில்லை. சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன்.

இருவரையும் அனுப்பிவிட்டால் ஆலையை ஓட்ட ஆளில்லை. அதனால் இருவரும் தப்பினோம். சென்னைக்காரர் திரும்பி வரவேயில்லை. ஒரு வருடம் பாதி வேலைதான் நடந்தது. அதன்பின், மெத்தனால் படாத பொடி கேட்டு ஒரு சின்ன மருந்துக் கடைக்காரர் வந்தார். உரிமமும் ஒருவழியாகக் கிடைத்தது. கடைசி மெத்தனால் பீப்பாய் வெளியே போன அன்று ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பக்கத்தில் போய் நின்றேன். “நுரை இன்னமும் ஜாஸ்தியாத்தாண்ணே இருக்கு” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் மூட்டுவலியால் அவர் வேலையை விட்டபோது, கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் நானே ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் பேனாவை எடுக்க முடிவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொந்தரவுதான். நேற்றும் ஒரு லாட் பொடியை வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைத்தேன். புதிதாக வந்திருக்கும் உற்பத்தி மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தனை வருடமும் மேடத்தை நான் பார்த்த அதே பார்வை.