மாட்டுக் கொட்டிலில் தலை வைத்துப் படுத்த ஆம்ப்ரோஸ் ஹெக்ஸ்ட்

ஆம்ப்ரோஸ் ஹெக்ஸ்ட் நல்லவன் என்று எழுதச் சொன்னால் என் கை எழுதாது. செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசப் போதகரம்மா இருக்கிறார். அது அவர் வேலை. நான் கார்ன்டர் கோயிலுக்குக் குழி வெட்டுகிறவன். யாரும் சாகாத வாரங்களில் மூர் என்கிற தரிசுப் புல்மேட்டின் ஓரத்தில் இடிந்து கிடக்கும் கல் சுவர்களை அடுக்குவேன். இரண்டு வேலையிலும் ஆம்ப்ரோஸ் எனக்குத் தொல்லை கொடுத்திருக்கிறான். அவன் ஆடுகள்தான் சுவரை இடிக்கும். குழி விஷயத்தில் அவன் செய்தது அதைவிடப் பெரிய கூத்து.

ஆள் பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி இருப்பான். மழையைத் திட்டுவான், மழை நின்றால் வெயிலைத் திட்டுவான். கோயிலுக்குள் கால் வைக்க மாட்டான். ஆனால் ஞாயிறு தவறாமல் கோயில் மதிலில் நாயோடு உட்கார்ந்திருப்பான். காரணம் அவன் மனைவி தர்சா. கோபுரத்தில் இருப்பதிலேயே பெரிய மணியை அடிக்கிறவள் அவள்தான். ஒரு கோழி கனம் கூட இருக்க மாட்டாள். மணிக்கயிறு மேலே போகும்போது அவளும் சேர்ந்து போய்விடுவாளோ என்று நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அவள் அடித்து முடித்து இறங்கி வரும்வரை அவன் காத்திருப்பான். வந்ததும், "இன்னிக்கு மணி அடி கொஞ்சம் லேட்டா விழுந்துச்சுடி" என்று குறை சொல்வான். பிறகு இருவரும் மேடேறி வீட்டுக்குப் போவார்கள். கல்யாணமான நாள் முதல் இதுதான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை.

தர்சா செத்தபோது தெற்கு மதிலோரம் குழி வெட்டினேன். பக்கத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடம் விடச் சொன்னான். விட்டேன். அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் அதே மதிலில் உட்கார்ந்து, வேறு யாரோ அடிக்கிற பெரிய மணியைக் கேட்டு, "என்னடா அது, பால் வாளிய எட்டி உதைக்கிற சத்தம்!" என்று கோபுரத்தைப் பார்த்துக் கத்துவான்.

இனி கல்லின் கதை. எங்கள் சேகரம், அதாவது எங்கள் கோயிலுக்குக் கட்டுப்பட்ட எல்லை, கார்ன்டர். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரஷ்வெல் சேகரம். ஊருக்கு ஒரு கோயில், ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு மதுக்கடை, அடுத்த ஊர் மேல் தீராத கடுப்பு. மூரில் ரஷ்வெல் பக்கச் சரிவுதான் வெயில் விழுகிற சரிவு; புல் முதலில் அங்கேதான் தலை தூக்கும். ரஷ்வெல் எல்லைக்குள் அடுப்பு எரிக்கிறவன் மட்டும்தான் அங்கே ஆடு விடலாம். ஆம்ப்ரோஸ் வீடு எல்லைக் கல்லிலிருந்து தும்மினால் எட்டுகிற தூரம், ஆனால் கார்ன்டர் பக்கம். அவன் இளமையில், மூடுபனி இறங்கிய ஒரு காலையில், எல்லைக் கல்லைச் சங்கிலியில் கட்டி டிராக்டரால் இழுத்தான். வீட்டை முழுக்கத் தாண்டி அந்தப் பக்கம் நட்டுவிடுவதாக யோசனை. பாதி வழியில், வீட்டின் நடுப்பக்கமாக, கல் இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் முனகியது, இவன் கத்தினான், கல் அசையவில்லை. "அங்கயே கிட" என்று விட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாம் ஒரே நீளக் கூரை. ஒரு முனையில் மனிதன், மறு முனையில் மாடு, நடுவில் குறுக்கே ஒரு நடை. கல் நின்ற இடத்தில் எல்லை சரியாக அந்த நடை வழியாகப் போனது. அடுப்பும் படுக்கையும் ரஷ்வெல்லுக்குப் போயின. மாட்டுக் கொட்டில் மட்டும் கார்ன்டரில் மிஞ்சியது. பின்னால் வரைபடம் போடுகிறவர்கள் வந்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், கோடு போட்டார்கள், போய்விட்டார்கள்.

ஊருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு சேகரமும் சேர்ந்து எல்லை அடிக்கப் போவோம். கையில் பிரம்போடு நடந்து, ஒவ்வொரு எல்லைக் கல்லையும் அடித்து, ஊருக்குப் புதிதாக வந்த ஆளைத் தலைகீழாகத் தூக்கி உச்சந்தலையால் கல்லைத் தொட வைப்போம். ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு முந்தின சரிவில் ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளு அவன் செலவில் காத்திருக்கும். அதைத் தாண்டி வந்தவன் கண்ணுக்கு எந்தக் கல்லும் சரியான இடத்தில்தான் நிற்கும்.

கல் நகர்ந்த அந்தக் கோடையிலேயே அவன் ஆடுகள் ரஷ்வெல் சரிவுக்குப் போய்விட்டன. திருவிழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் அவனும் ரஷ்வெல் பக்கம் போய் நின்றான். நாங்கள் துரோகி என்று கத்தினோம். "போய்க் கல்லக் கேளுங்கடா" என்றான்.

தர்சா போன மறு வருஷம் இன்னொரு வேலை செய்தான். லண்டனிலிருந்து சனி ஞாயிறு மட்டும் வந்து போகிற கூட்டம், செத்த பிறகு மூரைப் பார்த்தபடி படுக்க வேண்டும் என்று எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க ஆரம்பித்தது. ஊர்க் கூட்டம் போட்டோம். தொண்டை கிழியக் கத்தியது ஆம்ப்ரோஸ்தான். "கார்ன்டர்ல தல சாய்ச்சுத் தூங்குறவனுக்குத்தான் கார்ன்டர்ல குழி! மத்தவன் எவனா இருந்தாலும் வெளிய!" கை தட்டி விதியாக்கினோம்.

சில வருஷம் கழித்து டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து அனுப்பினார். அன்று மத்தியானம் நான் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஆம்ப்ரோஸ் வந்து தர்சாவின் பக்கத்தில் மல்லாந்து படுத்தான்.

"யோவ் பெருசு, இன்னும் நேரம் வரலய்யா. எந்திரி" என்றேன்.

"அளவு பாக்குறேன்டா. காலு இடிக்குது. நீ எடம் விட்ட லட்சணம்."

"முழங்கால மடக்கிப் போட்டுடறேன், கவலப்படாத."

அப்போது போதகரம்மா வெரிட்டி பாஸ்கோ வந்தார். வந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆராதனை நடத்துகிற மனுஷி. படுத்திருந்தவனை மேலிருந்து பார்த்தார்.

"ஹெக்ஸ்ட் ஐயா, சொல்லவே சங்கடமா இருக்கு. நீங்க ரஷ்வெல் ஆளாச்சே. இங்க குழி கெடையாதே."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்களாம். கூட்டத்துல மேசைய வேற குத்துனீங்களாம்."

ஆம்ப்ரோஸ் எழுந்து உட்கார்ந்தான்.

"என் பொஞ்சாதி இங்க கெடக்குறா, அம்மா."

"தெரியும். உங்களுக்கு நான் கண்ண மூடிக்கிட்டா, நாளைக்கு லண்டன்காரங்க வக்கீலோட வந்து நிப்பாங்க. ரஷ்வெல்ல எடம் இருக்காம், ஹெட்லி நார்த்காட் பக்கத்துல."

ஹெட்லி உயிரோடு இருந்தபோது அவனுக்கும் ஆம்ப்ரோஸுக்கும் ஒரு கடா ஆட்டை வைத்துச் சண்டை. கடா செத்தும் சண்டை சாகவில்லை.

"அந்த ஆளு பக்கத்துலயா? உலகம் முடியுற வரைக்குமா?" ஆம்ப்ரோஸ் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

போதகரம்மா போன பிறகுதான் கல்லை இழுத்த கதையை என்னிடம் சொன்னான். "ஊரக் கூட்டி உண்மையச் சொல்லித் தொலையேன்" என்றேன்.

"சொன்னா மறுநாளே என் ஆட்ட ரஷ்வெல் சரிவுலேருந்து ஓட்டிவிட்டுருவானுங்க. அதுங்க அங்கயே பொறந்து வளந்ததுடா. எங்க வுட்டாலும் அந்தச் சரிவுக்குத்தான் திரும்பி ஓடும். அத்தனையும் கறிக்கடைக்குத்தான் போகும். ஆட்டக் குடுத்துட்டு அவ பக்கத்துல போய்ப் படுத்தா, அவளே எட்டி உதைப்பா."

வழி சொன்னது போதகரம்மாதான். அடுத்த ஞாயிறு மதிலோரம் நின்று, யாரிடமோ பேசுகிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்கு நடுவுல எல்ல போனா, மேய்ச்சல் அடுப்பப் பொறுத்தது, குழி தலையப் பொறுத்தது, இங்க அப்படித்தான் வழக்கமாம். எல்ல அடிக்கிற அன்னிக்கு ரெண்டு ஊரும் வந்து பாத்து ஒத்துக்கணுமாம். வர்ற மே மாசம் அடிக்கிறோம்."

நானும் அவனும் கட்டிலைத் தூக்கி நடையைத் தாண்டி மாட்டுக் கொட்டிலில் போட்டோம். அங்கே டச்சஸ் என்று ஒரு கிழட்டுப் பசு. சீமாட்டி நடையும் அதே திமிரும். புது ஆளைப் பார்த்ததும் வாலைத் தூக்கி அவன் போர்வை மேலேயே மரியாதை செய்தது.

எல்லை அடிக்கிற நாள் வந்தது. ஊருக்குப் புதியவர் போதகரம்மாதான் என்பதால் முதல் கல்லிலேயே அவரைத் தலைகீழாகத் தூக்கினோம். "பூட்ஸப் புடிங்கடா, கழண்டுக்கும்!" என்று கத்தினார். ஆம்ப்ரோஸ் வீட்டை அடைந்தபோது ரஷ்வெல் கோயில் தர்மகர்த்தா ஐவி நார்த்காட் முன்னால் வந்து நின்றாள். ஹெட்லியின் விதவை. அவள் வாய்க்குப் பயந்து நாய்கள் கூடச் சுற்றிப் போகும்.

"எங்கய்யா உன் கட்டிலு?"

ஆம்ப்ரோஸ் கொட்டிலைக் காட்டினான். ஐவி மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நேத்துத்தான் தூக்கிப் போட்டிருப்பே. ஊர ஏமாத்துறியா?"

"குளிரு காலம் பூரா இங்கதான் கெடக்குறேன், கெழவி."

"யாருய்யா கெழவி? சாட்சி யாரு? மாடா?"

அவன் கோபத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். டச்சஸ் கழுத்தை நீட்டி, பழகிய கையோடு என்பார்களே, பழகிய நாக்கோடு அவன் தொப்பியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வழுக்கைத் தலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக நக்கியது. பிறகு தலையணையில் மோவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

ஐவி மாட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே தலகாணியா! தர்சா பாத்திருக்கணும்." பிரம்பால் கட்டில் காலை ஓங்கி அடித்தாள். "சரி, இவன் தல கார்ன்டர்லதான். ஆனா கேட்டுக்க, ஆம்ப்ரோஸு. சாவுற அன்னிக்குத் தல எந்தப் பக்கமோ அதான் கடைசிக் கணக்கு. அன்னிக்கு அடுப்படியில கெடந்தேன்னா, நீ எங்க ஊருக்கு வந்துருவ. என் புருஷன் பக்கத்துல!" சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதன் பிறகு இரண்டு குளிர்காலம் அவன் மாட்டோடுதான் தூங்கினான். மதுக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகிவிடும். மத்தியானக் குட்டித் தூக்கத்துக்குக் கூட நடையைத் தாண்டிக் கொட்டிலுக்கு ஓடுவான். அடுப்படி நாற்காலியில் சாய்ந்தாலே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுவான்.

பிப்ரவரியில், பனி பெய்து நின்ற காலை, அவன் சுவரை அடுக்கப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அடுப்பங்கரையில், அதே நாற்காலியில், ஆம்ப்ரோஸ் குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தான். மடியில் கம்பளிப் பைக்குள் ஓர் ஆட்டுக்குட்டி. பக்கத்தில் பால் புட்டி. குட்டி என்னைப் பார்த்து மே என்றது. அதற்குச் சூடு காட்டத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறான், மடையன். அதன் உயிரைப் பிடித்து வைத்துவிட்டுத் தன்னுடையதை ரஷ்வெல்லில் விட்டுவிட்டான்.

என்ன செய்வதென்று நான் நிற்கும்போதே வாசலில் ஐவியின் குரல். "ஆம்ப்ரோஸு! உன் ஆடு என் முட்டைக்கோசு பூரா..." உள்ளே வந்தாள். பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"எப்படா?"

"தெரியல அக்கா. இப்பத்தான் வந்தேன்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். நடையைப் பார்த்தாள். குட்டியை எடுத்துத் தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"நிக்கிறியே மரம் மாதிரி! தோளப் புடி. நான் காலத் தூக்குறேன்."

"அக்கா, இது..."

"இவன் வந்து ஹெட்லி பக்கத்துல படுத்தா, செத்தவரு எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவாரு. மறுபடியும் என்னால சமைக்க முடியாது. தூக்குடா!"

தூக்கினோம். அவன் கனத்துக்கு இரண்டு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கினோம். நடையின் நடுவில் ஐவி நின்றாள்.

"அந்தக் கல்ல இவன் இழுத்தப்ப எங்க வீட்டுக்காரரு சுவத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டுத்தான் இருந்தாரு, தெரியுமா?"

"அப்புறம் ஏன் அக்கா சும்மா விட்டாரு?"

"கயிறு இழுக்க எங்க ஊருல கனமான ஆளு இல்லடா. அந்த வருசந்தான் உங்கள மொதல்ல ஜெயிச்சோம்."

கொட்டிலில் கிடத்தினோம். டச்சஸ் அவன் தலையை ஒரு தடவை நக்கிவிட்டு விலகி நின்றது. கொஞ்ச நேரத்தில் போதகரம்மா வந்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். அடுப்படி நாற்காலியைப் பார்த்தார், பால் புட்டியைப் பார்த்தார், நடையின் ஈரத் தரையில் நாங்கள் அவனைக் கீழே வைத்து எடுத்த தடத்தையும் பார்த்தார். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து நடையைப் பெருக்கினார்.

"கார்ன்டர்லதான் தல சாஞ்சிருக்கு" என்றார். "டென்சில், நீ போய்க் குழிய வெட்டு."

முழங்காலை மடக்க வேண்டிய அவசியம் வராமல் ஒரு முழம் கூடுதலாகவே வெட்டினேன். அடக்கத்துக்கு இரண்டு ஊரும் வந்தது. பெட்டி சரியான கனம். ஒரு பக்கக் கயிற்றை நாங்களும் மறுபக்கக் கயிற்றை ரஷ்வெல் ஆட்களும் பிடித்தோம். மேலே பெரிய மணியின் அடி, வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக, விழுந்தது. பெட்டி பாதி இறங்கும்போது கயிறு என் கையில் வெடுக்கென்று இறுகியது. எதிரே பார்த்தால், ரஷ்வெல் தடியர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"இழுக்காதீங்கடா, தடிமாடுங்களா!" என்று ஐவி கத்தினாள். "அவன் அவங்க ஆளு. விடுங்க!"

விட்டார்கள்.